பாற்கலத்தின் மேல் நிற்கும் பூனை

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

உமாபதி சிவாச்சாரியார் அருளிய சைவ சித்தாந்த நூலான திருவருட்பயனில் ‘அருளது நிலை’ என்னும் நான்காம் அதிகாரத்தை மட்டும் இன்று உங்களோடு சேர்ந்து ஓத வந்திருக்கிறேன். இந்நூலும் இடம்பெறும் சைவ சித்தாந்த நூல்தொகுதியான மெய்கண்ட சாத்திரங்கள் 14-ம் தருக்கம் மிகுந்தவை, பக்தியின் ஈரம் அவற்றில் குறைவு என்று சொல்வோர் உண்டு. இந்த 10 குறட்பாக்களை நிதானமாக ஓதியவர் அப்படிச் சொல்ல மாட்டார் என்பது என் துணிவு.

ஒரு குறளில் பூனை வருகிறது. அது பால் நிறைந்த கலத்தின் மேலேயே நிற்கிறது. பாலின் மணம் மூக்கருகே இருக்க, உடல் ஒடுங்கி, மீசை நிமிர்ந்து, அது குறிவைத்துக்கொண்டிருப்பதோ ஒரு கரப்பான்பூச்சியை. இன்னொரு குறளில் பாற்கடலில் வாழும் மீன், தன்னைச் சூழ்ந்த பாலை உண்ணாமல் சிற்றுயிர்களைத் தேடி உண்கிறது. பொதுவாக நாம் இவற்றை உலகத்தார் அறியாமைக்குச் சொன்ன உவமைகள் என்று பொருள்கொண்டு கடந்துவிடுகிறோம். ஆனால் அந்தப் பூனை யார் என்று ஓதுகிறவன் தன்னையே கேட்டுக்கொள்ளும் இடத்தில்தான் சாத்திரம் உள்முகமாகத் திரும்புகிறது. அருள் எங்கோ தொலைவில் இருக்கிறது, அழுதால் வரும், நோன்பிருந்தால் வரும் என்று இத்தனை காலம் நம்பியிருந்த நெஞ்சு, தான் நின்றுகொண்டிருப்பதே அதன் மேல்தான் என்று உணரும்போது அடையும் கூச்சமும் நெகிழ்ச்சியும் உரைநூல்களில் அடங்குவன அல்ல.

‘வெள்ளத்துள் நாவற்றி, எங்கும் விடிந்து இருளாம்’ என்கிறது மற்றொரு குறள். வெள்ளத்தின் நடுவே நின்று நா வறள்வதும், நாற்புறமும் விடிந்த பின்னும் ஒருவனுக்கு மட்டும் இருட்டாக இருப்பதும் எப்படி? தில்லைவாழ் அந்தணருள் ஒருவரான உமாபதியார், பட்டப்பகலில் தீவட்டி ஒளியோடு பல்லக்கில் சென்றபோது, ‘பட்ட கட்டையில் பகற்குருடு போகிறது’ என்று, பின்னர் அவருக்குக் குருவான மறைஞான சம்பந்தர் சொன்னதாக மரபு கூறுகிறது. பட்ட கட்டை என்றது பட்டுப்போன மரத்தால் ஆன பல்லக்கை. விடிந்தும் இருளில் இருந்தவர் தாமே என்ற நினைவோடுதான் அவர் இக்குறளை எழுதியிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படிப் பார்த்தால் அதே குறளில் வரும் ‘கள்ளத் தலைவர்’ என்னும் கடுஞ்சொல் முதலில் தைத்தது அவரையே. பிறரைச் சுட்டிய விரலாக அதை நான் ஓதிய நாள்களை நினைத்து வருந்துகிறேன்.

அதிகாரத்தின் நிறைவில் ‘பழக்கம்’ என்றொரு சொல் வருகிறது. இன்றுவரை அருளோடு கூடியே இருந்தும் அதனோடு சிறிதும் பழக்கமில்லாத வெற்றுயிருக்கு வீடுபேறு மிகை என்கிறார். உடன் வாழ்பவரிடம் முகம்கொடுத்துப் பேசுவதற்கு வழங்கும் எளிய சொல் அது. அறிவு, தவம், தகுதி என்று பெரிய சொற்கள் எத்தனையோ இருக்க, அருளுக்கு இச்சொல் போதும் என்று அவர் தேர்ந்துகொண்டார். மறைஞான சம்பந்தரின் சொல்லைக் கேட்டு அன்று அவர் செய்ததும் எளிய செயல்தான்: பல்லக்கை விட்டு இறங்கி, அவர் பின்னே நடந்தார்.