மண்ணா, நாற்காலியா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பொங்கல் களைப்போடும் வீட்டில் படுக்காமல் இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் மன்னார்குடி மக்களே, வணக்கம்.

'அரசியலுக்குப் போன உழவனிடம் கடைசிவரை தங்குவது மண்ணா, நாற்காலியா?' என்பது தலைப்பு. மண்ணே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், திருவையாற்றுப் பக்கம் பத்து வருடம் ஊராட்சித் தலைவராக இருந்த அண்ணன், ஒரே பெயரைச் சொல்லிக் கைதட்டலை அள்ளிக்கொண்டார். தேவகவுடா. "விவசாயி பிரதமரானார், காவிரியில் ஒரு சொட்டு கூடியதா? நாற்காலி ஏறியதும் உழவனை மறந்துவிட்டார்" என்றார்.

நானும்தான் கை தட்டினேன். நான் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, வாய்க்காலின் கடைசியில் தண்ணீர் வந்து சேரும் கடைமடைக்காரன். அந்தப் பெயரைக் கேட்டால் எனக்கும் வயிறு எரிகிறது. ஆனால் அண்ணன் கூண்டில் ஏற்றிய அதே ஆளைத்தான் நான் என் பக்கத்துச் சாட்சியாகக் கூப்பிடுகிறேன்.

அவர் யார்? 1933-இல் இன்றைய கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டம், ஹொளேநரசிபுரம் வட்டத்தில் ஹரதனஹள்ளி என்ற கிராமத்தில் பிறந்தவர். தந்தை நெல் விவசாயி. ஹொளே என்றால் கன்னடத்தில் ஆறு. அந்த ஆறு ஹேமாவதி, காவிரியின் துணையாறு. ஆக அவரும் நம் தண்ணீர்க்காரர்தான், நமக்கு மேலே இருக்கிறார், அவ்வளவே. சிவில் இன்ஜினியரிங் டிப்ளமோ படித்தார். 1962-இல் காங்கிரஸ் டிக்கெட் கிடைக்காமல் சுயேச்சையாக நின்று சட்டமன்றம் போனார். நெருக்கடிநிலையில் சிறை. பிறகு கர்நாடகத்தில் ராமகிருஷ்ண ஹெக்டே அமைச்சரவையில் பொதுப்பணி, நீர்ப்பாசனத் துறை. பாசனத்துக்குப் போதிய பணம் ஒதுக்கவில்லை என்று சண்டை பிடித்து அந்தப் பதவியை விட்டு விலகினார். அண்ணே, நாற்காலிப் பித்து பிடித்தவர் வாய்க்காலுக்காக நாற்காலியை உதறுவாரா?

சரி, அது சின்ன நாற்காலி. பெரிய நாற்காலிக்கு வருவோம். 1994 டிசம்பரில் கர்நாடக முதலமைச்சர். 1996 ஜூன் 1-ஆம் தேதி பிரதமர். அவரை அங்கே உட்கார வைத்தது யார்? ஐக்கிய முன்னணி என்ற பல கட்சிக் கூட்டணி. அந்தத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 இடங்களையும் வென்றது தமிழ் மாநிலக் காங்கிரஸ் (த.மா.கா.), தி.மு.க., இந்தியக் கம்யூனிஸ்ட் அணி. முன்னணியின் பெரிய தலைகளில் ஒருவர் த.மா.கா. தலைவர், நம் கபிஸ்தலம் மூப்பனார். அந்த நாற்காலியின் ஒரு கால் நம் ஊர்த் தேக்கு! அதை ஆட்டிவிட்டால் அவர் விழுந்துவிடுவார். இது அவருக்குத் தெரியாதா?

இப்போது அண்ணனிடம் கேட்கிறேன். நாற்காலியைக் காப்பதுதான் குறி என்றால் அவர் என்ன செய்திருக்க வேண்டும்? இந்த 39 பேரைக் குளிரவைக்க ஹேமாவதி மதகைத் தூக்கச் சொல்லியிருக்க வேண்டும். கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 205 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி) தண்ணீர் விட வேண்டும் என்று காவிரி நடுவர் மன்றம் 1991-லேயே இடைக்கால உத்தரவு போட்டிருந்தது. அதைக் காட்டிப் பழியை மன்றத்தின் மேல் போட்டிருக்கலாம். செய்யவில்லை. அவர் காலத்தில் இரண்டு மாநிலங்களும் பேசின, பேசின, பேசிக்கொண்டே இருந்தன. உடன்பாடு வரவில்லை. 1997 ஏப்ரலில், ஒரு வருடம்கூட நிறையாமல், வேறு காரணத்தால் நாற்காலி போனது.

இதை நான் பாராட்டவில்லை. நமக்கு நேர்ந்தது அநியாயம். ஆனால் அந்த அநியாயத்தைச் செய்தது நாற்காலி இல்லை ஐயா, தலைமடை.

வாய்க்காலின் தொடக்கத்தில் முதலில் தண்ணீர் எடுக்கும் தலைமடைக்காரன் மனசு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முறை வைத்துத் தண்ணீர் விடும் நாட்களில் இரவு இரண்டு மணிக்கு மண்வெட்டியோடு மடையில் நிற்பவனுக்கு அண்ணன் தம்பி உறவெல்லாம் தெரியாது. என் சொந்தப் பெரியப்பா எங்கள் மடையை வைக்கோலும் சேறும் வைத்து அடைத்தவர். மறுநாள் காலையில் எதுவுமே நடக்காததுபோல் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காபி கேட்டார். என் அம்மா கொடுத்தார். காபியில் சர்க்கரை மட்டும் இல்லை. பெரியப்பா எந்தப் பதவியிலும் இருந்தவரல்ல. பயிர் வாடினால் உழவனுக்குத் தன் வயல்தான் உலகம். அந்தப் புத்தி டெல்லி வரைக்கும் போயும் மாறவில்லை என்பதுதான் என் வழக்கு.

சந்தேகம் இருந்தால் 2016-ஐ நினைத்துப் பாருங்கள். மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-இல் திறக்கவில்லை. செப்டம்பர் 20-இல்தான் திறந்தது. குறுவை நெல்லுக்கு ஆற்றுத் தண்ணீர் இல்லை. கர்நாடகத்தைத் தண்ணீர் விடச் சொல்லியும் காவிரி மேலாண்மை வாரியம் அமைக்கச் சொல்லியும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதை எதிர்த்து அக்டோபர் 1-ஆம் தேதி பெங்களூர் விதான சௌதாவில் ஒரு பெரியவர் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். வயது 83. பிரதமர் பதவி போய் 19 வருடம். அவர்தான். இதிலும் வாக்குக் கணக்கு இருந்திருக்கும் என்பார் அண்ணன். இருக்கட்டும். கணக்குப் பார்க்கிற ஆள் கடைசியில் எதற்காகப் பட்டினி கிடந்தார்? வாய்க்கால் தண்ணீருக்கு.

மண் தங்குவது நமக்கு நல்லதா கெட்டதா என்று அண்ணன் அடுத்த சுற்றில் மடக்குவார். தலைப்பு அதைக் கேட்கவில்லை, நடுவர் அவர்களே. தங்குவது எது என்றுதான் கேட்கிறது.

கசப்பாகவே பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள், இனிப்புக்கும் ஆள் உண்டு. ஓமந்தூரார். திண்டிவனம் பக்கத்து விவசாயி. 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் பிரதமர். அப்போது முதலமைச்சரை அப்படித்தான் அழைத்தார்கள். ஜமீன் ஒழிப்புச் சட்டம் அவர் ஆட்சியில் வந்தது. பதவி போனதும் இன்னொரு பதவி தேடவில்லை. வள்ளலார் பணி என்று வடலூருக்குப் போய்விட்டார்.

மணி அடித்துவிட்டீர்கள். ஒரே நிமிடம். இன்று மாலை மேடைக்குப் பின்னால் எதிரணி அண்ணனைப் பார்த்தேன். பத்து வருடம் நாற்காலியில் இருந்தவர், நாற்காலிக்காக வாதாட வந்தவர். வணக்கம் சொன்னேன். பதில் வணக்கம் சொல்லவில்லை, தலைப்பைப் பற்றியும் பேசவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, முள்ளியாற்றில் தண்ணீர் ஓடுகிறதா? இருபத்தெட்டாம் தேதி மேட்டூரை மூடுவதற்குள் உங்கள் பக்கத்துச் சம்பாவுக்கு இன்னும் ஒரு தண்ணீர் கிடைத்துவிடுமா?"