களிமண்ணில் கிடைத்த இலை

நேயர்களுக்கு வணக்கம்.

இன்று ஒரு குட்டிப் பூவைப் பற்றிப் பேசலாம். பெயர் மட்டும் கொஞ்சம் நீளம்: டிரையாஸ் ஆக்டோபெடலா. ரோஜாக் குடும்பத்துச் செடி. அந்தக் குடும்பத்தில் பெரும்பாலும் ஐந்து இதழ்தான். இதற்கு வழக்கமாக எட்டு. ஆக்டோபெடலா என்றால் எட்டிதழ் என்றே பொருள். பெயர் வைத்தவர் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ். இலையின் நெளிந்த ஓரம் ஓக் இலையை ஒத்திருப்பதால், கிரேக்கக் கதைகளில் ஓக் மரத்தில் குடியிருக்கும் டிரையாட் தேவதையின் பெயரைச் சூட்டிவிட்டார். செடியோ கணுக்கால் உயரம் வந்தாலே அதிகம்!

ஐஸ்லாந்து, நார்வே, ஆர்க்டிக் தீவுகளான ஸ்வால்பார்ட், ஆல்ப்ஸ் உச்சிகள் என்று மரம் நிற்க முடியாத சரளைக்கல் நிலங்களில் பாய் விரித்தாற்போலப் படர்கிறது. 2004இல் ஐஸ்லாந்து மக்கள் வாக்களித்து இதையே தேசிய மலராக்கினார்கள்.

பூ வெள்ளைக் கிண்ணம் மாதிரி; நடுவில் மஞ்சள் மகரந்தத் தாள்கள். அந்தக் கிண்ணம் சூரியனைப் பார்த்தபடியே திரும்பும். நம் சூரியகாந்தி நன்றாக மலர்ந்ததும் கிழக்கு பார்த்து நின்றுவிடும். இது மலர்ந்த பிறகும் சூரியனை விடுவதில்லை. வளைந்த இதழ்கள் வெயிலை நடுவுக்குத் திருப்பிவிடுவதால், வெளிக்காற்றைவிடப் பூவின் உள்ளே சில டிகிரி சூடு கூடுதல். விதை முற்ற அந்தச் சூடு உதவுகிறது. ஈக்களும் கொசுக்களும் அங்கே உட்கார்ந்து குளிர்காய்கின்றன. ஆமாம், கொசுவேதான்! தேனும் குடித்து, மகரந்தத்தையும் சுமந்துகொண்டு போகும்.

சரி, இலைக்கு வருவோம். நீளம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர். மேலே பளபளப்பு, திருப்பினால் வெள்ளைக் கம்பளி ஒட்டியதுபோல ரோமம். தடித்த இலை, எளிதில் மக்காது. டென்மார்க்கில் ஆலரோட் என்ற ஊரில், செங்கல்லுக்குக் களிமண் வெட்டிய குழியில், இந்த இலைகள் படிந்த இரண்டு அடுக்குகள் இருந்தன. இரண்டுக்கும் நடுவே, வெப்பமான காலத்துச் செடிகொடிகள் படிந்த கருஞ்சேறு. 1901இல் ஹார்ட்ஸ், மில்தெர்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவர் இதை எழுதினார்கள். பனியுகம் முடியும் தறுவாயில் ஊர் சூடேறிய பிறகு, குளிர் ஒருமுறை திரும்பி வந்திருக்கிறது. ஏறத்தாழ 12,900 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, 1,200 ஆண்டுகள் நீடித்த அந்தக் குளிருக்கு இன்று உலகம் முழுக்க 'இளைய டிரையாஸ்' என்றுதான் பெயர். காடு பின்வாங்கிய இடத்தில் இந்தச் செடி மறுபடி பாய் விரித்திருந்தது. மேலடுக்குக் களிமண்ணில் கிடந்தவை அதன் இலைகள்.

வணக்கம்.