ஏசிக்குள்ள ஐஸ் கட்டுதா? கேஸுக்குக் காசு குடுக்கறதுக்கு முன்னாடி இத பாருங்க!

[திரையில்: ஏசி மூடியைத் திறக்கிறோம். உள்ளே வெள்ளை வெளேர்னு பனி.]

இது ஃப்ரீசர் இல்ல மக்களே, தண்டையார்பேட்டைல எங்க சித்தி வீட்டு ஏசி. கத்திரி வெயில்ல ரோடு கொதிக்குது, ஏசிக்குள்ள ஐஸ் நிக்குது, ரூம்ல மட்டும் குளிர் இல்ல! வந்து பாத்தவரு மூடியக்கூட தொறக்கல. "கேஸ் கம்மி"னு ஏத்திட்டு, காச வாங்கிட்டுப் போயிட்டாரு. நாலே நாள்ல மறுபடியும் ஐஸ். கடைசில பாத்தா ஃபில்டர்! கழட்டி லைட்டுக்கு நேரா புடிச்சா வெளிச்சமே வரல, அவ்ளோ தூசி. எண்ணூர் நெடுஞ்சாலைல ராப்பகலா கன்டெய்னர் லாரி ஓடுது, வீட்டு ஜன்னலும் அந்த ரோட்டுப் பக்கம்தான். தூசி வராம எங்க போகும்?

ஏசி எப்படி ஓடுதுன்னு வேகமா சொல்லிடறேன். உள்ள வளைஞ்சு வளைஞ்சு போற குழாய்தான் காயில். அதுக்குள்ள திரவமா வர்ற கேஸ் கொதிச்சு ஆவியாகுது, அதுக்கு வேண்டிய சூட்ட ரூம் காத்துல இருந்து எடுத்துக்குது, வெளி யூனிட் அந்தச் சூட்டத் தெருவுல கொட்டுது. காத்துல இருக்கற ஈரம் காயில்ல பட்டு தண்ணியா வடியும். காயில் 0 டிகிரிக்குக் கீழ போயிட்டா அந்தத் தண்ணிதான் ஐஸ்.

இப்ப எனக்கு ரொம்பப் புடிச்ச இடத்துக்கு வரேன். 1.5 டன் ஏசின்னு வாங்கறோமே, அது எதோட எடை? ஏசியோடதா? இல்ல, ஐஸோட எடை!

காசிமேட்டுல விசைப்படகு கெளம்பறதுக்கு முன்னாடி ஐஸ் பார உடைச்சு உள்ள ஏத்தறத பாத்திருப்பீங்க. அந்த ஐஸ் மீனோட சூட்ட வாங்கிக்கிட்டுதான் உருகுது. அது உருக உருகத்தான் மீன் கெடாம இருக்கு. மெஷின் வர்றதுக்கு முன்னாடி குளிருக்கு மனுஷன் நம்புனது இந்த ஐஸத்தான். அமெரிக்காவுல இருந்து மரத்தூள்ல பொதிஞ்சு கப்பல்ல மெட்ராஸுக்கே ஐஸ் வந்துச்சு. அத வைக்கக் கட்டினதுதான் மெரினாவுல இன்னைக்கும் நிக்கற ஐஸ் ஹவுஸ். அந்த ஐஸ் காலத்துக் கணக்குதான் டன். அமெரிக்க டன், அதாவது 907 கிலோ ஐஸ், 24 மணி நேரத்துல உருகினா எவ்ளோ சூட்ட இழுக்குமோ, அதுதான் 1 டன் ஏசி. உங்க 1.5 டன் ஏசி முழு வேகத்துல ஓடுனா மணிக்கு சுமார் 57 கிலோ ஐஸ் உருகற வேலையச் செய்யுது. ஒரு ஆள் எடை ஐஸ், மணிக்கு மணி! எனக்கு இது தெரிஞ்ச அன்னைக்குத் தூக்கமே வரல.

அப்ப காயில் மேல ஐஸ் உருகாம நிக்குதுன்னா என்ன அர்த்தம்? ரூமோட சூடு காயிலுக்கு வந்து சேரல. குளிர் அதிகமாயிடுச்சுன்னு சந்தோஷப்படாதீங்க. அந்த ஐஸ் காயிலோட இடுக்க அடைக்கும், காத்து இன்னும் கொறையும், ஐஸ் இன்னும் ஏறும்.

ஃபில்டர், காயில், உள்ள சுத்தற புளோயர்னு எங்க அழுக்கு அடைச்சாலும் இதே கதைதான். இன்னொரு காரணம், நெஜமாவே கேஸ் கம்மி. அழுத்தம் கொறைஞ்சா கேஸ் இன்னும் கீழான டிகிரியிலயே கொதிக்கும், காயில் 0-க்குக் கீழ போயிடும். ராயபுரம், திருவொற்றியூர்ல கடல் பக்கம் இருக்கறவங்க கவனிங்க, உப்புக்காத்து காயில அரிச்சு ஓட்டை போடும்.

எது காரணம்னு கண்ணாலயே ஓரளவு கண்டுபுடிக்கலாம். காயில் முழுக்க ஒரே மாதிரி வெள்ளையா இருந்தா முதல்ல அழுக்க சந்தேகப்படுங்க. காயில்ல ஒரு ஓரம் மட்டும் வெள்ளை, வெளி யூனிட்டுக்குப் போற ரெண்டு குழாய்ல மெல்லிசா இருக்கறது மேலயும் பனின்னா, கேஸ சந்தேகப்படுங்க.

ஐஸ பாத்ததும் கூலிங்க நிறுத்திடுங்க. அப்படியே ஓட்டுனா ஆவியாகாத கேஸ் திரவமாவே வெளி யூனிட்ல கேஸ அழுத்தற கம்பிரசருக்குப் போயி, அதையே காலி பண்ணிடும். ரிமோட்ல ஃபேன் மோடு போட்டு ரெண்டு மூணு மணி நேரம் விடுங்க. தண்ணி கொட்டும், கீழ பக்கெட் வைங்க. அம்மா, அக்கா, தயவுசெஞ்சு கத்தியோ ஸ்க்ரூடிரைவரோ வச்சு ஐஸ குத்தாதீங்க! உள்ள காயில் ஓட்டையானா மொத்தமும் போச்சு. உருகினதும் ஏசிய ஆஃப் பண்ணிட்டு ஃபில்டரக் கழட்டி, குழாய் தண்ணில கழுவி, நிழல்ல காயவச்சு மாட்டுங்க. நம்ம ஏரியா தூசிக்கு 15 நாளுக்கு ஒருதடவை இதச் செய்யணும்ங்கறது என் கருத்து.

அப்பவும் ஐஸ் வந்தா மெக்கானிக்க கூப்பிடுங்க. அவரு "கேஸ் கம்மி"ன்னா ஒரே கேள்வி கேளுங்க: "எங்க லீக் ஆகுதுண்ணே?" கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ற பொருள் இல்ல. மூடின குழாய்க்குள்ளயே சுத்துது, கொறைஞ்சா ஓட்டை இருக்குன்னுதான் அர்த்தம். நைட்ரஜன் அடிச்சு, சோப்பு நுரை தடவி ஓட்டையக் கண்டுபுடிச்சு அடைக்கணும். அப்புறம் வாக்யூம் போட்டு, அதாவது குழாய்க்குள்ள இருக்கற காத்த உறிஞ்சி எடுத்துட்டு, தராசுல எடை பாத்து கேஸ் ஏத்தணும். எத்தன கிராம்னு வெளி யூனிட் ஸ்டிக்கர்லயே போட்டிருக்கும், நீங்களும் பக்கத்துல நின்னு பாருங்க.

உங்க வீட்டு ஏசில ஐஸ் எந்த இடத்துல கட்டுதுன்னு கமெண்ட்ல எழுதுங்க. ஒவ்வொண்ணா படிச்சு பதில் போடறேன்.