அரண்மனை மறைத்த நோயும் ரஸ்புதினும்

(உலக ஹீமோபிலியா நாளையொட்டி, நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையின் தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, அரசு மருத்துவமனை இரத்த வங்கிப் பணியை விட்டுவிட்டு நமக்காக வந்திருக்கும் மருத்துவர் அம்மா அவர்களே, இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் திறந்துவிட்ட நூலகர் அவர்களே, முன்வரிசையில் பிள்ளைகளோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம். தலைமையாசிரியர் ஐயாவிடம் எட்டாம் வகுப்பில் வரலாறு படித்தவன் நான். ரஷ்யப் புரட்சியை அவர் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியது இன்றும் கண்ணில் நிற்கிறது. அவர் முன்னால் அதே ரஷ்யாவைப் பற்றிப் பேச வாய்த்ததை என் பேறாக நினைக்கிறேன்.

மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். ஒன்று, ரஷ்யப் பேரரசரான ஜாரின் அரண்மனைக்குள், நோய் தீர்ப்பவர் என்று நம்பப்பட்ட ரஸ்புதின் நுழைந்த கதை. இரண்டு, போர்க்காலத்தில் மந்திரிசபை பட்ட பாடு. மூன்று, ரஷ்யத் திருச்சபை அவரைப் பார்த்த பார்வை.

என் பாட்டி அடிக்கடி சொல்வாள், "நோய்க்கும் பார், பேய்க்கும் பார்" என்று. அந்தப் பழமொழியில் எது முதலில் வருகிறது என்று பாருங்கள். நோய்தான். இந்த வரிசை மாறினால் ஒரு வீடு என்ன ஆகும், ஒரு நாடு என்ன ஆகும் என்பதுதான் ரஸ்புதின் கதை.

கிரிகோரி ரஸ்புதின் 1869இல் சைபீரியாவில் பொக்ரோவ்ஸ்கோயே என்ற கிராமத்தில் பிறந்த குடியானவர். பலரும் நினைப்பதுபோல அவர் துறவி இல்லை. மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள். 1905 நவம்பரில் ஜார் இரண்டாம் நிக்கோலஸ் தன் நாட்குறிப்பில், தொபோல்ஸ்க் மாகாணத்திலிருந்து வந்த கிரிகோரி என்ற கடவுளின் மனிதரைச் சந்தித்ததாக ஒரு வரி எழுதினார். ஒரே வரி. அப்போது ஜாரின் மகன் அலெக்ஸிக்கு வயது ஒன்று.

நான்கு பெண்களுக்குப் பிறகு, 1904இல் பிறந்த வாரிசு அவன். பிறந்து ஆறாவது வாரம் தொப்புளில் இரத்தம் கசிந்தது, நிற்கவில்லை. அரசி அலெக்சாண்ட்ராவுக்கு அதன் பொருள் உடனே புரிந்தது: இரத்தம் எளிதில் உறையாத ஹீமோபிலியா. அவருடைய அண்ணன் ஒருவர் இரண்டு வயதில், 1873இல், ஜன்னலிலிருந்து விழுந்து இரத்தப்போக்கால் இறந்தவர். தாய்மாமன் லியோபோல்டும் 1884இல் இதே நோயோடு போய்ச் சேர்ந்தார். அரசியின் பாட்டியான இங்கிலாந்தின் விக்டோரியா மகாராணியின் வம்சத்தில் பெண்கள் வழியாக இறங்கி வந்த நோய்.

அரண்மனை இதை மூடி மறைத்தது. நாளைக்கு அரியணை ஏறப்போகிறவனுக்குத் தீராத நோய் என்று குடிகளுக்குத் தெரியக்கூடாதாம்.

1912 இலையுதிர் காலம். போலந்தில் ஸ்பாலா என்ற இடத்தில் அரச குடும்பத்தின் வேட்டை மாளிகை. படகில் குதித்து ஏறும்போது பையனுக்கு ஏற்கெனவே அடிபட்டிருந்தது. பிறகு வண்டியில் போனபோது குலுங்கிய குலுக்கலில் தொடை இடுக்கில் உள்ளே இரத்தம் கட்டிவிட்டது. காலை மடக்கிக்கொண்டு எட்டு வயதுப் பிள்ளை அலறுகிறான். கீழே விருந்தாளிகள் நிறைந்த கூடத்தில் இளவரசிகள் இருவர் நாடகக் காட்சி நடிக்கிறார்கள். அம்மா முன்வரிசையில் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். நாடகம் முடிந்ததும் பிரெஞ்சு ஆசிரியர் கில்லியார்ட் வெளியே தாழ்வாரத்துக்கு வந்தவர், பையனின் முனகலைக் கேட்கிறார். அப்போது அரசி எதிரே ஓடி வருகிறார். காலில் தடுக்கும் நீண்ட பட்டுடையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஆசிரியர் நிற்பதுகூடத் தெரியாமல் மகன் அறைக்கு ஓடுகிறார். சில நிமிடங்களில் திரும்பி வந்து, மறுபடி முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு விருந்தாளிகளோடு பேசுகிறார். அம்மாமார்களே, இந்தச் சிரிப்பை உங்களில் எத்தனை பேர் கல்யாண வீடுகளில் சிரித்திருப்பீர்கள்!

மருத்துவர்கள் கையை விரித்தார்கள். சாகும் தறுவாயில் இருப்பவருக்குச் செய்யும் கடைசி ஜெபச் சடங்கும் நடந்துவிட்டது. உடல்நிலை அறிக்கை வெளியிட்டார்கள், அதிலும் நோயின் பெயர் இல்லை. அப்போதுதான் சைபீரியாவில் இருந்த ரஸ்புதினுக்குத் தந்தி பறந்தது. பதில் வந்தது: சிறுவன் சாகமாட்டான், மருத்துவர்கள் அவனை அதிகம் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று. அடுத்த ஓரிரு நாளில் இரத்தம் நின்றது. ஏன் நின்றது? தொடாமல் விட்டதால் கட்டி தானே அடங்கியதா, தாய் அமைதியானதும் பிள்ளையும் அமைதியானானா? விளக்கங்கள் பல. அந்தத் தாய்க்கு ஒரே விளக்கம்தான். நோய்க்குப் பார்க்க வழியில்லாத இடத்தில் பேய்க்குப் பார்க்க ஓர் ஆள் கிடைத்துவிட்டார்.

நாட்டுக்குக் காரணம் தெரியாது. ஒரு குடியானவர் ஏன் அரசியின் மாளிகைக்குப் போகிறார் என்று கேட்ட ஊர், தன் மனம்போனபடி அசிங்கமான பதில்களைக் கட்டிக்கொண்டது. "என் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை" என்ற ஒரு வாக்கியம் போதும், பாதிப் பேச்சு அடங்கியிருக்கும்.

முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1915இல் ஜார் போர்முனைக்குப் போய்விட, உள்நாட்டுக் காரியங்கள் அரசி கைக்கு வந்தன, அவர் காதுக்கு ரஸ்புதின். பிரதமர்கள் ஒருவர்பின் ஒருவராக மாறினார்கள். 1916 பிறந்தபோது பிரதமராக இருந்தவர் கோரெமிகின். பிறகு ஸ்ட்யூர்மர், பிறகு ட்ரெப்போவ், 1917 ஜனவரியில் கோலிட்சின். அதற்கு முன்பே, 1916 டிசம்பரில், யூசுபோவ் அரண்மனையில் ரஸ்புதினைக் கொன்று ஆற்றில் போட்டுவிட்டார்கள். மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை அரியணை.

புரட்சி வெடித்து முடி துறக்க வேண்டிய நாளில், புஸ்கோவ் ரயில் நிலையத்தில், ஜார் மருத்துவர் ஃபியோதரோவைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லச் சொன்னார். இந்த நோய் தீராது என்றார் மருத்துவர். மகனுக்கு விட்டுக்கொடுக்க இருந்த முடியை, மகனுக்கும் சேர்த்துத் துறந்து தம்பிக்கு எழுதினார். தம்பியும் ஏற்கவில்லை. 1613இல் தொடங்கிய ரோமனோவ் ஆட்சி அத்தோடு முடிந்தது. அடுத்த ஆண்டு குடும்பமே எகாதெரின்பர்கில் சுட்டுக் கொல்லப்பட்டது. அந்தப் பிள்ளையின் எலும்புகள் 2007இல்தான் கிடைத்தன. 2009இல் வெளியான மரபணு ஆய்வு, அது ஹீமோபிலியா பி என்று உறுதி செய்தது. அதாவது, இரத்தத்தை உறையவைக்கும் ஃபேக்டர் 9 என்ற புரதத்தின் குறைபாடு.

திருச்சபை பற்றி இன்னொரு மேடையில் பேசுகிறேன். இங்கே சொல்லியாக வேண்டியது வேறு.

நானும் ஒரு தாய்மாமன். என் அக்காள் மகனுக்கு ஏழு வயதில் முழங்கால் வீங்கியபோது, திருஷ்டி என்று மந்திரித்தோம். ஒருவர் எண்ணெய் தேய்த்து நீவியும் விட்டார். உள்ளே இரத்தம் கசியும் மூட்டை நீவக்கூடாது என்பது எங்களுக்குத் தெரியாது. பெரியாஸ்பத்திரிக்குப் போனது மூன்றாம் நாள். நோயின் பெயர் தெரிந்த பிறகும் மூடி மறைத்தோம், அவன் அக்காவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பதற்காக. பள்ளிக்கூடத்தில்கூடச் சொல்லவில்லை. இன்று அவன் ஒரு காலைச் சற்று இழுத்துத்தான் நடக்கிறான். அந்த மூன்று நாளை நினைக்காமல் அவன் நடையை என்னால் பார்க்க முடிவதில்லை.

பாட்டி சொன்ன வரிசைப்படி நோய்க்கு முதலில் பார்த்திருக்க வேண்டும். அலெக்ஸிக்கு இல்லாத மருந்து நமக்கு இருக்கிறது. இரத்தத்தை உறையவைக்கும் ஃபேக்டர் மருந்து. சின்னக் கண்ணாடிக் குப்பி, அடியில் வெள்ளைப் பொடி. நீர் சேர்த்து, குலுக்காமல் மெல்ல உருட்டிக் கரைத்து நரம்பில் ஏற்றுவார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இலவசமாகவே தருகிறார்கள். ஆனால் நடுராத்திரி மூட்டில் இரத்தம் கசியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, கிராமத்திலிருந்து எத்தனை பஸ் மாறி அங்கே போவது? இந்தக் குப்பி தாலுகா மருத்துவமனைக் குளிர்பெட்டியில் இருக்க வேண்டும். இரவுப் பணியில் இருக்கும் செவிலியருக்கு அதைப் போடத் தெரிந்திருக்க வேண்டும்.

அதற்கான கோரிக்கை மனு வாசலில் நூலகர் மேசைமேல் இருக்கிறது. மருத்துவர் அம்மா முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டார். பக்கத்திலேயே இன்னொரு தாள் வைத்திருக்கிறோம். வீட்டில் இந்த நோய் உள்ளவர்கள் அதில் பெயரும் ஊரும் எழுதலாம். எங்கள் வீட்டுப் பெயரை என் அக்காள் தன் கையாலேயே எழுதி வைத்திருக்கிறாள்.