ப்ளட்ஷாட்: சிகாகோவின் கலகக்கார கன்ட்ரி

எல்லாருக்கும் வணக்கம். கன்ட்ரி இசை பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் முன்வரிசையில் ரெண்டு பேர் முகம் சுளித்ததைப் பார்த்தேன். அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. தொப்பி, தட்டு மாதிரி பெரிய பெல்ட் பக்கிள், பிக்கப் டிரக், தேசியக் கொடி, இதுதானே நாம் அந்த இசையில் பார்த்தது. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலேயே பலருக்கும் அதே எண்ணம்தான், கன்ட்ரி பாடகர் கார்த் ப்ரூக்ஸ் ஸ்டேடியம் ஸ்டேடியமாக நிரப்பிக்கொண்டிருந்த நேரம் அது. கன்ட்ரி இசையின் தலைநகரமான நாஷ்வில்லில் மியூசிக் ரோ என்று ஒரு பகுதி, பாட்டெழுதுகிறவர்கள், பதிப்புரிமை வாங்குகிறவர்கள், ஸ்டுடியோக்காரர்கள் எல்லாரும் ஒரே தெருக்கூட்டத்தில் இருப்பார்கள். அங்கிருந்து வந்த பாட்டெல்லாம் நன்றாகப் பாலிஷ் போட்ட அரிசி மாதிரி வெள்ளை வெளேரென்று, ஒரு குருணைகூட இல்லாமல் இருக்கும். இன்றைக்கு நான் பேச வந்தது தவிடு நீக்காத சரக்கைப் பற்றி. தவிடு என்றதும் உடம்புக்கு நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். குடி, கொலை, கடன், வேலை போனது, பெண்டாட்டி போனது, திரும்பவும் குடி. ஆரோக்கியத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

அந்தச் சரக்கை வெளியிட்ட இசைக் கம்பெனியின் பெயர் ப்ளட்ஷாட் ரெக்கார்ட்ஸ், ஊர் சிகாகோ. சிகாகோவுக்கும் கன்ட்ரிக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். பழைய உறவு. டபிள்யூ.எல்.எஸ் என்ற சிகாகோ வானொலி நிலையம் 'நேஷனல் பார்ன் டான்ஸ்' என்ற கன்ட்ரி நிகழ்ச்சியை 1924-லேயே தொடங்கிவிட்டது, நாஷ்வில்லின் புகழ்பெற்ற வானொலி மேடை நிகழ்ச்சி கிராண்ட் ஓல் ஆப்ரி வந்ததே அதற்கு அடுத்த வருடம்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அப்பலாச்சிய மலைப்பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பங்கள் சிகாகோவின் அப்டவுன் பகுதியில் குடியேறின, கூடவே அவர்கள் பாட்டும் வந்தது. அப்புறம் ஊரே அதை மறந்துவிட்டது. எழுபது வருடம் கழித்து சிகாகோ என்றால் ப்ளூஸ், ஹவுஸ் என்கிற நடன இசை, காது கிழியும் கிட்டார் என்றுதான் பேச்சு.

அந்தக் காது கிழியும் கூட்டத்திலிருந்துதான் ப்ளட்ஷாட்டை ஆரம்பித்தவர்கள் வருகிறார்கள், அதுதான் இதில் சுவாரசியமே. நேன் வார்ஷா, ராப் மில்லர், எரிக் பாப்காக் என்று மூன்று பேர். பங்க் என்கிற முரட்டு ராக் இசையில் ஊறிய ஆட்கள். டெலைலாஸ் என்ற பாரில் வார்ஷா கன்ட்ரி இசைத்தட்டுகள் போட்டுவந்தார், அந்தப் பழக்கத்தில் சேர்ந்த கூட்டம். பழைய கன்ட்ரி பாடகர் ஹேங்க் வில்லியம்ஸைக் கேட்டால் பங்கில் இருக்கிற அதே கோபமும் கிட்டாரில் அதே மூன்று ஸ்வரக்கூட்டும் இருக்கிறதே, அதை ஏன் நாஷ்வில்காரனிடம் விட்டுவைக்க வேண்டும் என்பது இவர்கள் நியாயம். ஊரில் இந்த மாதிரி வாசிக்கிற குழுக்களைத் திரட்டி ஒரு தொகுப்பு போட்டார்கள், 1994-இல், 'ஃபார் எ லைஃப் ஆஃப் சின்' என்று. ராபி ஃபுல்க்ஸ், ஃப்ரீக்வாட்டர், ஹேண்ட்ஸம் ஃபேமிலி, பாட்டில் ராக்கெட்ஸ் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். கலகக்கார கன்ட்ரி என்ற அர்த்தத்தில் 'இன்சர்ஜென்ட் கன்ட்ரி' என்று அட்டையிலேயே போட்டார்கள். மற்றவர்கள் ஆல்ட்-கன்ட்ரி, அமெரிக்கானா என்று ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டு அலைந்தார்கள்.

பிறகு ஐந்தாம் வருடத்துக்கு ஒரு தொகுப்பு, இருபதாம் வருடத்துக்கு ஒன்று, இருபத்தைந்தாம் வருடத்துக்கு ஒன்று. பத்தாம் வருடத்துக்கானது மட்டும் ஒரு வருடம் தாமதமாக 2005-இல் வந்தது, அதை மறைக்கக்கூட மெனக்கெடாமல் 'ஃபார் எ டிகேட் ஆஃப் சின்' என்று தலைப்பு வைத்து, அடியிலேயே 'ப்ளட்ஷாட்டின் 11 வருடங்கள்' என்று அச்சடித்தார்கள். அந்தக் கம்பெனியின் குணம் முழுக்க அந்த ஒரு அட்டையில் இருக்கிறது.

இந்தத் தொகுப்புகளை நான் இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு பாட்டை வாங்குவதற்கு முன்னால் பத்து விநாடி கேட்டுப் பார்க்கிற வசதி இல்லாத காலம் அது. பதினைந்து டாலர் கொடுத்து, முகம் தெரியாத ஒருவனுடைய சிடியை ஏன் வாங்குவீர்கள்? முதுகுப் பக்கத்தில் லேபிளின், அதாவது வெளியிட்ட கம்பெனியின், பெயர் இருக்கிறது, போன தடவை இவர்களை நம்பி வாங்கினது வீண் போகவில்லை, அவ்வளவுதான். பாடகனுக்கு ரசிகன் இருப்பது உலக வழக்கம். ஒரு கம்பெனிக்கு, அதுவும் ரெண்டு மூன்று பேர் நடத்துகிற கம்பெனிக்கு, பெயர் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு அலைகிற ரசிகன் இருந்தான் என்றால் அது இந்த நம்பிக்கையால்தான். டெக்ஸஸின் ஆஸ்டினில் சவுத் பை சவுத்வெஸ்ட் இசைத் திருவிழா நடக்கும்போது யார்ட் டாக் என்ற ஓவியக்கூடத்தின் கொல்லைப்புறத்தில் ப்ளட்ஷாட் வருடாவருடம் ஒரு பகல்நேரக் கச்சேரி வைத்துவந்தது, ஊரில் எத்தனை பெரிய மேடை இருந்தாலும் அந்தக் கொல்லைப்புறத்துக்குத்தான் இந்தக் கூட்டம் போனது.

சரி, ஆல்பங்களுக்கு வருவோம்.

ரசிகர்களைக் கேட்டால் முதலில் வருகிற பெயர் 'ஹார்ட்பிரேக்கர்', பாடகர் ரயன் ஆடம்ஸ், 2000. ப்ளட்ஷாட் விற்றதிலேயே அதிகம் விற்றது இதுதான். நாஷ்வில்லை எதிர்த்துக் கிளம்பிய கம்பெனியின் பெரிய வெற்றி நாஷ்வில்லில் பதிவானது என்பதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. ஆல்பம் பாட்டோடு ஆரம்பிக்காது. ஆங்கிலேயப் பாடகர் மோரிஸியின் ஒரு பாட்டு எந்த ஆல்பத்தில் வந்தது என்று ஆடம்ஸும் கிட்டார்காரர் டேவிட் ராலிங்ஸும் வாய்ச்சண்டை போடுவதோடு ஆரம்பிக்கும், அது முடிவதற்குள் கிட்டார் பாய்ந்து வந்துவிடும். நடுவில் பழம்பெரும் கன்ட்ரி பாடகி எமிலூ ஹாரிஸ் ஒரு பாட்டில் பின்குரல் கொடுப்பார், ஊரைவிட்டுப் போனவன் ஊரை நினைக்கிற பாட்டு, அந்த இடத்தில் பேச்சு வராது. நல்ல ஆல்பம், மறுக்கவில்லை. ஆனால் ஹார்ட்பிரேக்கரை மட்டும் வைத்திருக்கிறவரை நான் ப்ளட்ஷாட் ரசிகர் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆடம்ஸே அடுத்த வருடம் பெரிய கம்பெனிக்குப் போய்விட்டார். அதற்கு முன்னால் ஓல்ட் 97'ஸ் என்ற டல்லாஸ் குழுவும் 1995-இல் 'ரெக் யுவர் லைஃப்' ஆல்பத்தை இங்கே போட்டுவிட்டு எலெக்ட்ரா என்ற பெரிய கம்பெனிக்குப் போயிற்று. சின்ன கம்பெனி வளர்த்துவிடும், பெரிய கம்பெனி கூட்டிக்கொண்டு போகும். வழக்கமான கதை.

நிகோ கேஸ் வேறு ரகம். வான்கூவரில் ஓவியக் கல்லூரியில் படித்துக்கொண்டே பங்க் குழுக்களில் டிரம்ஸ் வாசித்த பெண். 'ஃபர்னஸ் ரூம் லல்லபை' என்று 2000-இல் ஒரு ஆல்பம். அட்டையில் அவர் சிமெண்ட் தரையில் பிணம் மாதிரி கிடப்பார். கிராண்ட் ஓல் ஆப்ரி மேடையில் அலங்காரமாக நின்று சிரிக்கிற பாடகிகளுக்கு நடுவே அந்த அட்டையை நினைத்துப் பாருங்கள். குரலோ, மைக்கே தேவையில்லை என்கிற குரல். டகோமா என்ற தொழில் நகரத்தை, வேலை வாய்ப்பெல்லாம் போய் நொடித்துப்போன ஊரை, எங்கள் ஊர் இப்படித்தான், இருந்தாலும் எங்கள் ஊர் என்று ஒரு பாட்டில் பாடுவார். ஊர்ப்பெருமை பாடுகிற பாட்டுகளில் இவ்வளவு நேர்மையாக இன்னொன்றை நான் கேட்டதில்லை.

ராபி ஃபுல்க்ஸ் என்றால் எனக்குக் கொஞ்சம் பாரபட்சம் உண்டு, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 1996-இல் வந்த இவருடைய 'கன்ட்ரி லவ் சாங்ஸ்' ஆல்பத்தைப் பதிவு செய்தவர் ஸ்டீவ் அல்பினி, நிர்வானா என்ற ராக் குழுவின் 'இன் யூடெரோ'வைப் பதிவு செய்த அதே அல்பினி. ஸ்டீல் கிட்டார் வாசித்தவர் டாம் பிரம்லி, கன்ட்ரி பாடகர் பக் ஓவன்ஸின் குழுவில் வாசித்த பழம்பெரும் கை. இந்த ரெண்டு பேரும் ஒரே ஸ்டுடியோவில் இருந்தார்கள் என்றால் ப்ளட்ஷாட் என்ன செய்ய நினைத்தது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. ஃபுல்க்ஸ் கொஞ்ச காலம் மியூசிக் ரோவில் கூலிக்குப் பாட்டெழுதிப் பார்த்தவர், அது ஒத்துவரவில்லை. அந்த ஊரைத் திட்டி அடுத்த ஆல்பத்தில் ஒரு பாட்டு வைத்தார், அதன் தலைப்பை இந்த மேடையில் சொன்னால் அடுத்த மாதம் ஹால் தரமாட்டார்கள். ஆனால் வெறும் நக்கல்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. 2016-இல் 'அப்லேண்ட் ஸ்டோரீஸ்' வந்தது, 1930களின் பஞ்சகாலத்தில் அலபாமாவின் குத்தகை விவசாயிகளைப் பற்றி எழுத்தாளர் ஜேம்ஸ் ஏஜி எழுதியதிலிருந்து பிறந்த பாட்டுகள் அதில் உண்டு. கிராமி பரிந்துரைகூடக் கிடைத்தது. சத்தமே போடாமல், ஒரு கிட்டாரும் கொஞ்சம் ஃபிடிலுமாக, அத்தனை பாரத்தை எப்படி ஏற்றினார் என்று இன்னும் எனக்கு ஆச்சரியம்தான்.

ஜான் லாங்ஃபர்டைச் சொல்லாமல் போனால் அடிக்க வருவார்கள். வேல்ஸ்காரர், மீகான்ஸ் என்ற பங்க் குழுவைச் சேர்ந்தவர், சிகாகோவில் வந்து குடியேறி வேகோ பிரதர்ஸ் குழுவை ஆரம்பித்தார். பிரிட்டிஷ்காரன் அமெரிக்கக் கவ்பாய் பாட்டைத் தொழிற்சங்கக் கோபத்தோடு பாடினால் எப்படி இருக்கும்? 1997-இல் வந்த 'கவ்பாய் இன் ஃப்ளேம்ஸ்' கேளுங்கள். அவர் கூட்டிய இன்னொரு கூட்டணி பைன் வேலி காஸ்மோனாட்ஸ். அவர்கள் 2002-இல் போட்ட 'தி எக்ஸிக்யூஷனர்ஸ் லாஸ்ட் சாங்ஸ்' பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இல்லினாய் மாநிலத்தில் 1977-க்குப் பிறகு 12 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றினார்கள், அதே காலத்தில் மரண தண்டனைக் கொட்டடியிலிருந்து 13 பேர் நிரபராதி என்று வெளியே வந்தார்கள். இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் ஆளுநர் ஜார்ஜ் ரயன் 2000-இல் தண்டனைகளை நிறுத்திவைத்தார். அந்த நேரத்தில் லாங்ஃபர்ட் ஒரு வேலை செய்தார். கொலை, தூக்கு, சிறை என்று கன்ட்ரியில் பரம்பரையாக இருக்கிற பாட்டுகளையே எடுத்து, கன்ட்ரி பாடகர் ஸ்டீவ் எர்ல், நிகோ கேஸ் என்று நிறையப் பேரைப் பாடவைத்து, அந்த வருமானத்தை மரண தண்டனைக்கு எதிரான இயக்கத்துக்குக் கொடுத்தார். கொலைப் பாட்டு பாடியே கொலைத் தண்டனையை எதிர்ப்பது! பிரசார ஆல்பம் என்றால் எனக்கு அலர்ஜி, இது மட்டும் விதிவிலக்கு, ஏனென்றால் பாட்டுகள் எதுவும் பிரசங்கம் செய்வதில்லை, நடந்ததைச் சொல்லிவிட்டுப் போகின்றன. ரயன் 2003 ஜனவரியில் பதவியிலிருந்து இறங்குவதற்குமுன் மரண தண்டனைக் கைதிகள் எல்லாருடைய தண்டனையையும் குறைத்தார். 2011-இல் மாநிலமே தண்டனையை ஒழித்தது. இதையெல்லாம் ஒரு ஆல்பம் சாதித்தது என்று நான் சொல்லவில்லை, அந்தச் சண்டை நடந்தபோது ஒரு இசைக் கம்பெனி எந்தப் பக்கம் நின்றது என்பதற்காகச் சொல்கிறேன்.

வேடிக்கைக்கு ஒன்று. கான்சஸின் விச்சிட்டாவிலிருந்து ஸ்ப்ளிட் லிப் ரேஃபீல்ட். பான்ஜோ, மாண்டலின், கிட்டார், டிரம்ஸ் கிடையாது, ஆனால் மெட்டல் கச்சேரி வேகம். இவர்களுடைய பேஸ் வாத்தியத்தைக் கடையில் வாங்க முடியாது. பழைய வண்டி ஒன்றின் பெட்ரோல் டேங்க், அதில் நட்டுவைத்த ஒரு மரக்கட்டை, புல்வெட்டும் இயந்திரத்தில் சுழலுமே அந்த நைலான் கயிறு ஒன்று. ஒற்றைத் தந்தி. ஜெஃப் ஈட்டன் அதை வைத்துக்கொண்டு அந்த வேகத்துக்குத் தாளம் பிசகாமல் இழுப்பார். இசை விமர்சகர்கள் எழுதிய பெரிய கட்டுரைகளைவிட அந்த டேங்கைப் பார்த்தால் கலகக்கார கன்ட்ரி என்னவென்று சீக்கிரம் புரிந்துவிடும்.

அலஹாண்ட்ரோ எஸ்கோவிடோவின் 'எ மேன் அண்டர் தி இன்ஃப்ளூயன்ஸ்', 2001, ராத்திரியில் தனியாகக் கேட்க வேண்டியது. ஜஸ்டின் டவுன்ஸ் எர்லின் 'ஹார்லம் ரிவர் ப்ளூஸ்', 2010. ஸ்டீவ் எர்லின் மகன். அதன் தலைப்புப் பாட்டு தேவாலயப் பாட்டு மாதிரி குஷியாகக் கைதட்டிப் போகும், வரிகளைக் கவனித்தால் ஒருவன் ஆற்றில் மூழ்கிச் சாகப்போகிறேன் என்று விடைபெற்றுக்கொண்டிருப்பான். ஜஸ்டின் 2020 ஆகஸ்டில், 38 வயதில் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தக் கைதட்டலில் என்னால் சேர்ந்துகொள்ள முடியவில்லை.

இவ்வளவு கொண்டாடிவிட்டு மற்றதைச் சொல்லாமல் போனால் நியாயம் இல்லை. லிடியா லவ்லெஸ் என்று ஒஹையோவிலிருந்து ஒரு பாடகி, 2011-இல் 'இன்டிஸ்ட்ரக்டிபிள் மெஷின்', 2014-இல் 'சம்வேர் எல்ஸ்' என்று கம்பெனியின் இரண்டாம் காலத்தைத் தோளில் சுமந்தவர். வார்ஷாவின் துணைவர் தன்னிடம் பல வருடமாகத் தவறாக நடந்துகொண்டார் என்று 2019 பிப்ரவரியில் அவர் வெளிப்படையாக எழுதினார். வார்ஷா பொறுப்பிலிருந்து விலகினார். அதே மாதம்தான் ரயன் ஆடம்ஸ் மீது பெண்கள் சொன்ன புகார்களை நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. அவர் தரப்பு மறுத்தது, மறு வருடம் அவரே ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினார். அப்புறம் கலைஞர்களுக்குச் சேரவேண்டிய ராயல்டி பாக்கி என்று பேச்சு கிளம்பியது. 2021-இல் மில்லரும் வெளியேற, கம்பெனி எக்ஸலரேஷன் மியூசிக் கைக்குப் போனது.

சட்டை மாட்டிக்கொண்டு அலைந்த ரசிகர்களுக்கு இது சாதாரண அடி இல்லை. பெரிய கம்பெனி ஏமாற்றினால் நமக்குக் கோபம்கூட வராது, அது அப்படித்தான் என்று போய்விடுவோம். இவர்களிடம் காசோடு நம்பிக்கையையும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். ஆல்பங்களைத் தூக்கி எறிந்துவிடலாமா என்று கேட்டவர்களும் உண்டு. என்னைக் கேட்டால், ஃபுல்க்ஸும் எஸ்கோவிடோவும் ஈட்டனும் யாருக்கு என்ன கெடுதல் செய்தார்கள்? கேளுங்கள். கேட்கிற பணம் வாசித்தவனுக்குப் போகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், கச்சேரி நடக்கிற இடத்தில் அவர்கள் கையிலிருந்தே சிடி வாங்க முடிந்தால் இன்னும் நல்லது.

லவ்லெஸ் 2020-இல் தன் அடுத்த ஆல்பத்தைத் தானே சொந்தமாக வெளியிட்டார். இனி ப்ளட்ஷாட் பக்கமே வரமாட்டார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். நிர்வாகம் மாறின பிறகு, 2023 செப்டம்பரில், அவருடைய புது ஆல்பம் வந்தது. என் வழியில் இனி எதுவும் குறுக்கே நிற்காது என்கிற மாதிரி தலைப்பு, 'நத்திங்ஸ் கோனா ஸ்டாண்ட் இன் மை வே அகெய்ன்'. முதுகுப் பக்கம் பார்த்தால், வெளியீடு: ப்ளட்ஷாட் ரெக்கார்ட்ஸ். முகம் சுளித்த அந்த ரெண்டு பேருக்காக, இப்போது அதைத்தான் முதலில் போடப்போகிறோம்.