சங்கம் இருக்கும் மருத்துவமனையே செவிலியருக்கு நன்மை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

தொழிற்சங்கம் உள்ள மருத்துவமனையில் பணியாற்றுவது செவிலியருக்கு நன்மையா, சுமையா என்ற தலைப்பில், நன்மையே என்ற அணியின் சார்பில் பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் நான்கு குற்றச்சாட்டுகளை வைத்தார். மாதந்தோறும் சந்தா பிடிக்கிறார்கள். அதற்கு ஈடாகக் கிடைக்கும் ஊதிய உயர்வு பெரிதாக இல்லை. திறமையைவிடப் பணிமூப்புக்குத்தான் மதிப்பு. வேலைநிறுத்தம் வந்தால் நோயாளி தவிக்கிறார் என்றார். முதல் இரண்டையும் நான் மறுக்கப்போவதில்லை. சந்தா உண்டு. சங்கத்தால் கிடைக்கும் கூடுதல் ஊதியம், வேறு பல தொழில்களோடு ஒப்பிட்டால், செவிலியர் பணியில் குறைவுதான். அதற்கு ஒரு காரணம், அருகில் உள்ள சங்கமில்லாத மருத்துவமனையும் தன் வாசலுக்குச் சங்கம் வந்துவிடக் கூடாதே என்ற அச்சத்தில் ஊதியத்தை ஓரளவு உயர்த்திவிடுவது. அதாவது, சந்தா கட்டாதவருக்கும் சங்கம் சம்பாதித்துக் கொடுக்கிறது. ஆனால் சம்பளச் சீட்டை மட்டும் வைத்து இந்த வழக்கை முடித்துவிட முடியாது என்பதுதான் என் வாதம். ஒரு செவிலியருக்குச் சங்கம் தரும் பெரிய நன்மை, ஆபத்தான ஓர் உத்தரவு வரும்போது அதை எதிர்த்து எழுத்தில் சொல்லிவிட்டு, மறுநாளும் அச்சமின்றி அதே வார்டுக்கு வேலைக்கு வர முடிவதே.

ஓர் இரவுப் பணியை எண்ணிப் பாருங்கள். ஐந்து நோயாளிகளைப் பார்க்க வேண்டிய செவிலியரிடம் எட்டுப் பேர் ஒப்படைக்கப்படுகிறார்கள். ஒருவருக்கு இப்போதுதான் இரத்தம் ஏற்றத் தொடங்கியிருக்கிறார்கள். ஒவ்வாமை ஏற்படுகிறதா என்று முதல் கால்மணி நேரம் பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டும். இன்னொருவர் அறுவை சிகிச்சை முடிந்து வந்தவர். அவருடைய இரத்த அழுத்தத்தையும் வடிகுழாயில் வரும் இரத்தத்தின் அளவையும் அடிக்கடி குறித்தாக வேண்டும். மூன்றாமவர் வயது முதிர்ந்தவர். இடம் புரியாமல் கட்டிலை விட்டு இறங்கப் பார்க்கிறார். மற்ற ஐவருக்கும் மருந்து கொடுக்கும் நேரம் நெருங்கிவிட்டது. மேற்பார்வையாளரைத் தொலைபேசியில் அழைத்தால், "இன்றைக்கு ஆள் இல்லை, எப்படியாவது சமாளித்துக்கொள்ளுங்கள் சிஸ்டர்" என்ற பதில்தான் கிடைக்கிறது. உலகத்தின் எந்த மூலையில் உள்ள செவிலியரிடம் கேட்டாலும் இந்த வாக்கியம் அவருக்கு மனப்பாடமாக இருக்கும்.

சங்கமில்லாத மருத்துவமனையில் அந்தப் பேச்சு தொலைபேசியோடு முடிந்துவிடும். விடிவதற்குள் அந்த முதியவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், விளக்கக் கடிதம் எழுத வேண்டியவர் செவிலியர் மட்டுமே. "சமாளித்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னவரின் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது. சங்கம் உள்ள பல மருத்துவமனைகளில், குறிப்பாகக் கலிபோர்னியாவிலும் நியூயார்க்கிலும், இதற்கென்றே ஒரு படிவம் இருக்கிறது. எத்தனை நோயாளிகள், எத்தனை செவிலியர், எத்தனை மணிக்கு யாரிடம் சொல்லப்பட்டது, அவர் என்ன பதில் சொன்னார் என்று நிரப்பி, "என் ஆட்சேபத்தைத் தெரிவித்துவிட்டே இந்தப் பணியை ஏற்கிறேன்" என்று கையொப்பமிட்டு, ஒரு பிரதியை மேற்பார்வையாளரிடமும் இன்னொன்றைச் சங்கத்திடமும் கொடுக்கிறார் செவிலியர். அவர் வேலையை மறுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். எட்டுப் பேரையும் பார்க்கத்தான் போகிறார். ஆனால் பொறுப்பில் ஒரு பங்கு உத்தரவு போட்டவருக்கும் உண்டு என்பது அந்த இரவிலேயே பதிவாகிவிடுகிறது. இப்படிச் சேரும் படிவங்கள் நிர்வாகமும் சங்கமும் உட்காரும் கூட்டத்தில் மேசைக்கு வரும்போது, ஒரே வார்டில் ஒரே கிழமையில் ஆள் குறைவது தற்செயல் அல்ல என்பதும் வெளிப்பட்டுவிடுகிறது.

தவறு நடந்த பிறகு வரும் விசாரணையும் இப்படித்தான். ஒரு பக்கம் நிர்வாகி, மனிதவள அதிகாரி, நர்சிங் கண்காணிப்பாளர். எதிர்ப்பக்கம் இரவெல்லாம் விழித்த கண்களோடு ஒரே ஒரு செவிலியர். 1975-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒழுங்கு நடவடிக்கைக்கு இட்டுச்செல்லக் கூடிய விசாரணையின்போது தன் சங்கப் பிரதிநிதி உடன் இருக்க வேண்டும் என்று கேட்கத் தொழிலாளிக்கு உரிமை உண்டு என்று உறுதி செய்தது. இன்றைய நிலையில், சங்கமில்லாத இடத்தில் வேலை பார்க்கும் அமெரிக்கத் தொழிலாளிக்கு, அந்தத் தீர்ப்புக்கு அடிப்படையான தொழிலாளர் உறவுச் சட்டப்படி, இந்த உரிமை கிடையாது. படிப்பு ஒன்று, சீருடை ஒன்று, நிகழ்ந்த பிழையும் ஒன்று. இருந்தும் ஒருவர் பக்கத்தில் துணைக்கு ஆள் இருக்கிறது, மற்றவர் பக்கத்தில் நாற்காலி காலியாக இருக்கிறது. இதற்கு எவ்வளவு சந்தா கட்டலாம் என்பதை எதிரணி நண்பரே கணக்கிட்டுச் சொல்லட்டும்.

"இதெல்லாம் அரசு சட்டம் போட்டுத் தீர்க்க வேண்டிய விஷயம், சங்கம் எதற்கு?" என்றும் நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. சட்டம் தானாக வந்த இடம் ஒன்றைக் காட்டியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். ஒரு செவிலியருக்கு இத்தனை நோயாளிகள்தான் என்ற உச்சவரம்பை மாநிலம் முழுவதற்கும் சட்டமாக்கிய முதல் அமெரிக்க மாநிலம் கலிபோர்னியா. அங்குள்ள செவிலியர் சங்கம் பல ஆண்டுகள் போராடிய பிறகே 1999-இல் அந்தச் சட்டம் நிறைவேறியது; 2004-இல்தான் நடைமுறைக்கு வந்தது. பொது மருத்துவ, அறுவை சிகிச்சை வார்டுகளில் முதலில் ஒருவருக்கு ஆறு நோயாளிகள், 2005 முதல் ஐந்து நோயாளிகள் என்பது ஏற்பாடு. அந்த ஐந்து என்ற எண் நடைமுறைக்கு வரும் தறுவாயில், 2004-இன் இறுதியில், ஆளுநர் அர்னால்ட் ஸ்வார்ஸ்நெகரின் அரசு அதை 2008 வரை தள்ளிப்போட முயன்றது. செவிலியர் சங்கம் வீதியிலும் நின்றது, நீதிமன்றத்துக்கும் போனது. 2005-இல் நீதிமன்றம் அந்த ஒத்திவைப்பைத் தடுத்தது. சட்டப் புத்தகத்தில் ஏறிய எண்ணைக் காப்பதற்கே சங்கம் தேவைப்பட்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் இன்னும் தெளிவான வரலாறு உண்டு. அரசு மருத்துவமனைகளின் செவிலியர்–நோயாளி விகிதத்தைச் சங்கம் 2000-இல், தொழிலாளர்–நிர்வாகத் தகராறுகளைத் தீர்க்கும் தொழில் உறவு ஆணையத்தின் மூலம் பெற்றது. அது சட்டமானது 2015-இல். இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளும் அந்த விகிதத்தைத் தாங்கியவை சங்க ஒப்பந்தங்களே.

இந்த எண்ணிக்கைக்கு ஏன் இவ்வளவு போராட்டம் என்று அவையோர் கேட்கலாம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளில், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சை நோயாளிகளின் விவரங்களை லிண்டா எய்க்கனும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து 2002-இல் வெளியிட்ட முடிவு இது: ஒரு செவிலியர் கவனிக்கும் நோயாளிகளில் ஒருவர் கூடும்போதெல்லாம், நோயாளி முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது; அந்தச் செவிலியர் வேலையால் மனமும் உடலும் தீய்ந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடுகிறது. இரண்டாவது எண்ணை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். செவிலியரின் நலன் என்று தனியாகவும் நோயாளியின் நலன் என்று தனியாகவும் பிரித்து வைத்துப் பேசும் பழக்கத்தை இந்த ஆய்வு ஏற்பதாக இல்லை.

2023 ஜனவரியில் நியூயார்க் நகரத்தின் இரண்டு பெரிய மருத்துவமனைகளில் ஏறத்தாழ ஏழாயிரம் செவிலியர் மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தங்கள் முதல் கோரிக்கை ஆள் பற்றாக்குறைதான் என்று அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். போதிய செவிலியரை நிறுத்தாத மருத்துவமனையிடம், பற்றாக்குறையில் வேலை பார்த்தவர்களுக்கே பணம் கொடுக்கச் சொல்லும் அதிகாரத்தை வெளி நடுவருக்கு அளிக்கும் ஏற்பாடு அந்த உடன்பாட்டில் வலுப்பெற்றது. நடுவர் அவர்களே, அங்கும் இரு தரப்பையும் கேட்டு முடிவு சொல்பவர் உங்களைப் போன்ற ஒருவர்தான். ஒரே வித்தியாசம், அவர் தீர்ப்பு கைத்தட்டலோடு நின்றுவிடுவதில்லை, தோற்றவர் காசோலை எழுத வேண்டும்.

வேலைநிறுத்தம் பற்றி எதிரணி சொன்னதை லேசாக ஒதுக்கிவிட நான் விரும்பவில்லை. நியூயார்க் மாநிலத்தில் 1984 முதல் 2004 வரை நடந்த செவிலியர் வேலைநிறுத்தங்களை ஜோனதன் குருபரும் சாமுவேல் கிளைனரும் ஆராய்ந்தபோது, அந்த நாட்களில் சேர்க்கப்பட்ட நோயாளிகளிடையே இறப்பு 18 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தது. இது கடுமையான உண்மை; இதைத் தெரியாததுபோல் என் அணி நடிக்கக் கூடாது. ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. மாற்றுச் செவிலியரை வரவழைத்துச் சமாளித்த மருத்துவமனைகளிலும் நிலைமை மேம்படவில்லை. அந்த வார்டை அறிந்த, அந்தக் கருவிகளோடும் மருத்துவர்களோடும் பழகிய செவிலியரின் இடத்தை நாளைக்கு வரும் இன்னொருவரால் நிரப்ப முடியாது என்றுதானே இதற்குப் பொருள்? அப்படியானால் அவர்கள் ஆண்டு முழுவதும் விலகிப் போகாமல் இருக்க என்ன செய்தோம் என்று கேட்க வேண்டியவர்கள், மூன்று நாள் வெளியே நின்றதை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்கச் சட்டம் 1974 முதல், மருத்துவமனையில் வேலைநிறுத்தம் செய்வதற்குப் பத்து நாள் முன்னறிவிப்பு கொடுத்தாக வேண்டும் என்கிறது. நோயாளிகளை வேறிடத்துக்கு மாற்றவும் பேச்சைத் தொடரவும் அந்தப் பத்து நாள் இருக்கிறது. சங்கமில்லாத மருத்துவமனையில் ஒவ்வொருவராக ராஜினாமா செய்துவிட்டுப் போகும் ஆட்குறைவு வேலைநிறுத்தமாக எந்தக் கணக்கிலும் ஏறாது.

வேலை நடக்கும் சாதாரண நாட்களைப் பற்றியும் ஆய்வு உண்டு. கலிபோர்னியாவில் சங்கம் வேண்டுமா என்று செவிலியர் வாக்களித்த மருத்துவமனைகளில், சங்கம் வென்ற இடங்களையும் தோற்ற இடங்களையும் ஒப்பிட்டு, அரிந்திரஜித் தூபேயும் உடன் ஆய்வாளர்களும் 2016-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். செவிலியர் கவனிப்பைச் சார்ந்த 13 அளவுகோல்களில் 12-இல் சங்கம் வென்ற மருத்துவமனைகளே மேலாக இருந்தன.

எதிரணியின் அடுத்த பேச்சாளர் ஒரு புள்ளிவிவரத்தைக் கையில் வைத்திருப்பார் என்று நினைக்கிறேன். அவருக்கு வேலையை மிச்சப்படுத்துகிறேன். சங்கம் உள்ள மருத்துவமனைகளின் செவிலியர், கருத்துக் கேட்பில், சங்கமில்லாதவர்களைவிடக் குறைவான பணி நிறைவைச் சொல்வதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. உண்மைதான். ஆனால் குறையைச் சொல்பவரெல்லாம் வேலையை விட்டுப் போய்விடுவதில்லை. பொதுவாகச் சங்கம் உள்ள பணியிடங்களில் ஆட்கள் விலகுவது குறைவு என்பது தொழிலாளர் பொருளாதாரத்தில் நெடுநாளாகப் பேசப்படும் செய்தி. குறை சொல்ல வழியில்லாத இடத்தில் "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று தாளில் டிக் அடித்துவிட்டு, அன்று மாலையே வேறு மருத்துவமனைக்கு விண்ணப்பம் போடுபவரின் பணி நிறைவை எப்படி அளப்பது?

பணிமூப்பு பற்றிச் சுருக்கமாக. இளம் செவிலியருக்கு அது சில நேரம் அநியாயமாகவே படும். விடுமுறை நாள் பட்டியலில் கடைசியாகத் தேர்வு செய்பவரின் எரிச்சல் எனக்கும் புரிகிறது. ஆனால் அந்த விதி எல்லோர் கண்முன்னும் எழுதப்பட்டிருக்கிறது. பிடிக்காதவர்கள் அடுத்த ஒப்பந்தத்தில் வாக்களித்து மாற்றலாம். மேலாளருக்குப் பிடித்தவருக்குப் பகல் பணி, பிடிக்காதவருக்குத் தொடர்ந்து இரவுப் பணி என்ற எழுதப்படாத விதியை எந்த வாக்கெடுப்பில் மாற்றுவது?

எதிரணியின் அடுத்த பேச்சாளரிடம் என் கேள்வி ஒன்றுதான். எட்டு நோயாளிகளோடு நிற்கும் அந்தச் செவிலியர், சங்கமில்லாத உங்கள் மருத்துவமனையில், தன் ஆட்சேபத்தை எந்தத் தாளில் எழுதி யாரிடம் கொடுப்பார், கொடுத்த பிறகு அவருடைய வேலைக்கு யார் பொறுப்பு என்று இந்த அவையில் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.