கேட்க வேண்டியவர் கேட்டாரா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். உறுப்பு தானத்துக்குப் பெரிய தடை பொதுமக்களின் தயக்கமா, மருத்துவப் பணியாளர்களின் தயக்கமா? பணியாளர்களின் தயக்கமே என்று வாதாட வந்திருக்கிறேன்.

"கண்ணைக் கொடுத்தால் அடுத்த பிறவியில் பார்வையில்லாமல் பிறப்போம் என்று நம்புகிற ஊர் இது" என்றார் எதிரணி அம்மையார். கைதட்டல் பலமாக இருந்தது. அம்மா, அந்த நம்பிக்கை குறுக்கே வருவதற்கு முன்னால், ஒருவர் போய் அந்தக் குடும்பத்திடம் கேட்டிருக்க வேண்டுமே! கேட்டார்களா?

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலுக்கு வாருங்கள். இரவு இரண்டு மணி. பைக்கில் போய் அடிபட்ட பையன் உள்ளே இருக்கிறான். "சிஸ்டர், என் பிள்ளை எப்படி இருக்கிறான்?" என்கிறாள் தாய். "நெஞ்சு துடிக்கிறது அம்மா, சாமியை வேண்டிக்கொள்ளுங்கள்." இரக்கத்தில் சொன்ன வார்த்தைதான். காலையில் மருத்துவர் வந்து மூளைச்சாவு என்கிறார். பின்னாலேயே உறுப்பு தான ஒருங்கிணைப்பாளர் வருகிறார். துடிக்கிற நெஞ்சை அறுக்க வந்துவிட்டார்கள் என்றுதானே அந்தத் தாய் நினைப்பாள்? இது மூடநம்பிக்கையா நடுவர் அவர்களே? சீருடை போட்டவர் சொன்னதை நம்பினாள், அவ்வளவுதான்.

கோமாவில் கிடப்பவர் எழுந்து வரலாம். மூளைத்தண்டு செத்தவர் வரமாட்டார்; அதுதான் மூளைச்சாவு. வென்டிலேட்டர் என்ற செயற்கை சுவாசக் கருவி காற்றைத் தள்ளுவதால்தான் நெஞ்சு ஏறி இறங்குகிறது. மூளைச்சாவை உறுதிசெய்ய நான்கு மருத்துவர்கள், குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதிக்க வேண்டும். கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்ப்பார்கள், காதில் குளிர்ந்த நீர் விடுவார்கள், வென்டிலேட்டரை விலக்கித் தானாக ஒரு மூச்சாவது வருகிறதா என்று காத்திருப்பார்கள். உறுப்பைப் பொருத்தப் போகிற மருத்துவர் அந்த நால்வரில் இருக்கவே கூடாது என்கிறது சட்டம். 'உறுப்புக்காகக் கொன்றுவிடுவார்கள்' என்ற பயத்துக்கு இதைவிட நல்ல பதில் உண்டா? வார்டில் எத்தனை பேர் இந்தப் பதிலைச் சொல்கிறார்கள்?

செவிலியர்களைத் திட்ட நான் வரவில்லை. ஆளுக்கு எத்தனை படுக்கை பார்க்கிறார்கள் என்பதும் தெரியும். ஆனால் 1994ஆம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தில் 2011இல் செய்த திருத்தம், குடும்பத்திடம் கேட்கும் பொறுப்பை மருத்துவமனையின் தலையில்தான் வைத்திருக்கிறது.

2008இல் விபத்தில் இறந்த ஹிதேந்திரன் என்ற சிறுவனின் உறுப்புகளைத் தந்த பெற்றோர் இருவரும் மருத்துவர்கள். மூளைச்சாவு என்றால் என்னவென்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்தத் தெளிவு கூலிவேலை செய்யும் தகப்பனுக்கு யார் வழியாக வரும்? வார்டில் நிற்பவர் வழியாகத்தான் வர வேண்டும்.

உறுப்பு தந்தவர்களின் உடலுக்கு அரசு மரியாதை என்று 2023 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்தது. மக்கள்தான் தடை என்றால், ஊர் ஊராகப் போய் அதிகாரிகள் யாருக்கு மலர்வளையம் வைக்கிறார்கள்? அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் முதலில் இதற்குப் பதில் சொல்லிவிட்டுத் தொடங்கட்டும். மணி அடித்துவிட்டீர்கள், அமர்கிறேன்.